தூங்கட்டும் என்று சொன்னவர்கள்

1

இது ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. பாதி படித்தபிறகு நீங்களே கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட, நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்தார். என்னைவிடச் சின்னவர். அக்கா, அக்கா என்று கூப்பிட்டே எல்லா வேலையையும் வாங்கிவிடுவார்.

"அக்கா, ரெண்டு பக்கம் போதும். மாணவர்களோட தூக்கப் பழக்கம், அதனால அன்றாட வாழ்க்கை எப்படிக் கெட்டுப்போகுது. கொஞ்சம் பயமுறுத்தல், கொஞ்சம் அறிவுரை, கடைசியில ஒரு நம்பிக்கை. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அடுத்தவர்களின் அறிவுரைகளில் ஒற்றுப்பிழை பார்த்துப் பார்த்தே என் கண்ணாடி தடித்துப்போனது. நடுநடுவே கதையும் எழுதுவேன். சரி தம்பி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இப்படி ஆரம்பித்தேன்:

உறக்கம் மனித உடலுக்கு இயற்கை அளித்த மருந்து. இன்றைய மாணவ சமுதாயமோ அந்த மருந்தை –

அதற்குமேல் ஓடவில்லை. காரணம், அந்த வரியை எழுதிய நேரத்தில் உள்ளறையில் ஒரு மாணவி தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல பகல். கல்லூரிக்குப் போகும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் தூங்குகிறாள். என் தங்கையின் மகள். கட்டடக்கலை படிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. அப்படிக் கூப்பிட்டால் வெட்கப்படுகிற வயது, ஆனாலும் திரும்பிப் பார்ப்பாள்.

போன பருவத்தில் அவளுடைய அம்மா, அதாவது என் தங்கை, இறந்துபோனாள். வேறு ஊர். மாரடைப்பு. இறந்த அன்று மதியம் மகளுக்குப் போன் செய்தாள். பாப்பா விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். போனை எடுத்த அறைத்தோழி அவளை எழுப்பவில்லை. பாப்பா தானாகக் கண்விழித்தபோது அம்மா இல்லை. அன்றோடு விடுதியை விட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்தக் கதையை நான் அந்த அறைத்தோழியைத் திட்டுவதற்காக ஆரம்பித்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. திட்டுவதை நேரில் செய்தால் சண்டை, எழுதினால் இலக்கியம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டேன். வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லையாம், வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். பாப்பா ஒரு வார்த்தை சொன்னால் நிற்பாள் என்று மற்ற பெண்கள் சொல்கிறார்கள். பாப்பா சொல்லவில்லை. சொல் என்று நானும் சொல்லவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விடுதி அறையின் கதவைத் திறந்ததும் பசை வாடை அடிக்கும். தரையெல்லாம் அட்டைத் துண்டுகள். கட்டிலுக்கடியில் போன பருவத்தில் கட்டிய நூலகம், ஒரு பக்கம் நசுங்கி. ஜன்னல் விளிம்பில் ஒரு தொடக்கப்பள்ளி, கூரை இல்லாமல். இந்தப் பெண்கள் தூங்கும் இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் கட்டடம் இருந்தது –

[இது நான் பார்த்த அறைதான். ஆனால் இப்படி எழுதினால் அந்த அறை உங்களுக்குப் பிடித்துவிடும். திட்ட வந்தவள் முதல் பத்தியிலேயே அறையைக் கொஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. அடித்துவிட்டேன்.]

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

அவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது –

[இதையும் அடித்துவிட்டேன். காரணம் அடுத்த பகுதியில் வரும்.]

மூன்றாம் முயற்சியை வழக்கத்திலிருந்து தொடங்கினேன். அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் காவல்.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் அட்டையில் வீடு கட்டி, வரைபடம் வரைந்து, குறித்த நாளில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த நாளுக்கு முந்தின வாரம் தூக்கம் என்ற பேச்சே கிடையாது. இதை ஏன் முன்னாலேயே செய்து தொலையக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். "பெரியம்மா, முன்னாலேயே செஞ்சா முன்னாலேயே திருத்தச் சொல்லுவாங்க" என்றாள் பாப்பா.

அந்த வாரத்தில் நடப்பவை: தேநீரில் தூரிகையை முக்குவது. தூரிகை கழுவிய தண்ணீரைத் தேநீர் என்று குடிப்பது. மாடிப்படி வரைந்துவிட்டு மாடியை மறந்துவிடுவது. கத்தி விரலில் இறங்கியதுகூடத் தெரியாமல், அட்டையில் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவது. சாலையில் பச்சை விளக்குக்காக நின்று, பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்தபிறகு கடப்பது. கடைசியாகச் சொன்னது பாப்பா. ஒரு லாரி ஓட்டுநர் இறங்கிவந்து அவளை ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாராம். என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.*

எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தபிறகு தூங்குவார்கள். அதைத் தூக்கம் என்று சொல்லக் கூடாது, விழுவார்கள். ஆனால் விடுதியில் யார் நிம்மதியாகத் தூங்கவிடுகிறார்கள்? கதவைத் தட்டுவார்கள், கத்தரி கேட்பார்கள், போன் அடிக்கும், விடுதிக் காப்பாளர் வந்து ஏன் பகலில் படுத்திருக்கிறாய் என்பார். ஆகவே காவல். ஒருத்தி தூங்கும்போது மற்றவள் விழித்திருப்பாள். தூங்குகிறவள் தன் போனை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். வருகிற போன், வருகிற ஆள், எல்லாவற்றுக்கும் அவளே பதில். பிறகு இவள் எழுந்து அவளைத் தூங்கவைப்பாள். தானாக விழிக்கும்வரை எழுப்பக் கூடாது என்பதுதான் சட்டம்.

"கட்டடம் இடிஞ்சா மட்டும் எழுப்பு" என்று பாப்பா சொல்வாளாம்.

"நீ வரைஞ்ச கட்டடமா இருந்தா?" என்று மற்றவள் கேட்பாளாம்.

"அப்ப வேணாம். அது இடியத்தானே செய்யும்."

(* ஆசிரியர் தம்பிக்கு: அன்றாட வாழ்க்கை பாதிப்பு பற்றிக் கேட்டீர்களே, மேலே இருக்கிறது. வேண்டுமானால் இதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.)

3

இப்போது அந்த மற்றவள். விடுதியில் அவள் பெயர் ஸ்கேல். ஒல்லி, உயரம், நேராக நிற்பாள். பாப்பா வைத்த பெயர்தான்.

கதையில் ஒரு கெட்டவளை உருவாக்குவது கடினமில்லை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் போதும். பேச்சில் ஒரு அலட்சியம், நடையில் ஒரு திமிர், மற்றதை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். எவ்வளவு பேருக்குச் செய்திருக்கிறேன். இவளுக்குச் செய்ய முடியவில்லை.

ஏனென்றால் எனக்கு அவளைத் தெரியும். நீண்ட விடுமுறை வந்தபோதெல்லாம், ஊருக்குப் போக வசதிப்படாத நாட்களில், பாப்பா அவளை இங்கே கூட்டிவருவாள். சாப்பிட்டால் தன் தட்டோடு மற்றவர்கள் தட்டையும் கழுவிவைப்பாள். வேண்டாம் என்றால், "கையைச் சும்மா வச்சா தூக்கம் வருது பெரியம்மா" என்பாள். ஒருமுறை என் மேசையில் மெய்ப்புத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே அதன்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். கன்னத்தில் மை. கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து, "பாப்பா எழுந்துட்டாளா?" என்று கேட்டாள். வீட்டில்கூடக் காவல்.

இப்படிப்பட்டவள்தான் எழுப்பவில்லை. நாங்கள் எல்லோரும் மனத்தில் வரைந்துகொண்ட படம் இது: அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என் தங்கை, ஒரு நிமிஷம் குடும்மா, அவள் குரலைக் கேட்கணும் என்று கெஞ்சுகிறாள். இங்கே இவள், தூங்குகிறாள், அப்புறம் கூப்பிடுங்கள் என்று வைத்துவிடுகிறாள். சட்டம் சட்டம்தான் என்று.

அன்றைக்கு விடுதியில் பாப்பா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏன்டி எழுப்பல?" என்று கேட்டபோது நானும் அங்கே இருந்தேன், பாப்பாவை அழைத்துவரப் போயிருந்தேன். அவள் சொன்னது ஒரே பதில்.

"நான்தான் எழுப்பல."

மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே. மன்னித்துவிடு என்றுகூடச் சொல்லவில்லை. கல்நெஞ்சம் என்று நான் அப்போதே முடிவுகட்டினேன்.

ஆனால் எழுதும்போது அந்த வரி இடிக்கிறது. மெய்ப்புப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, இருப்பதைவிட இல்லாததுதான் முதலில் தெரியும். எழுப்பாதவள் பொதுவாக என்ன சொல்வாள்? தெரியாது என்பாள், நீதானே எழுப்பாதே என்றாய் என்பாள், அவ்வளவு உடம்பு முடியவில்லை என்று யார் சொன்னார்கள் என்பாள். எல்லாமே நியாயமான பதில்கள். ஒன்றையும் சொல்லவில்லை. ஒரு பாத்திரம் தனக்கு இருக்கிற நியாயத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பழியை மட்டும் எடுத்துக்கொண்டால், எழுதுகிறவளுக்கு ஏதோ ஒன்று தெரியவில்லை என்று அர்த்தம்.

4

போன் காட்சியை எழுதிப் பார்த்தேன்.

வரைவு ஒன்று.

"ஹலோ, பாப்பா இருக்காளா?"
"தூங்கறாம்மா."
"சரி, வச்சிடறேன்."

இதைப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இது என் தங்கையே இல்லை.

அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மின்சார அலுவலகத்தில் புகார் வாங்குகிற மேசையில் வேலை. நாள் முழுவதும் கோபக்காரர்களிடம், சொல்லுங்க, எந்தத் தெரு, ஆள் வருவாங்க, என்று மூன்று வாக்கியத்தில் முடிப்பவள். அதனாலோ என்னவோ, சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தால் முடிக்கவே மாட்டாள். வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் புதிதாக ஒரு கதையை ஆரம்பிப்பாள். தப்பான எண்ணுக்கு அடித்தாலும் எதிர்முனையில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வைத்ததில்லை. ஒருமுறை அப்படிப் பேசியதில் யாரோ ஒருவரின் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போகவும் செய்தாள்.

வரைவு இரண்டு, கெஞ்சுகிற தங்கை. அதுவும் ஒட்டவில்லை. அவள் யாரிடமும் எதற்கும் கெஞ்சமாட்டாள். தலைவலி மாத்திரை கேட்பதற்குக்கூட, சும்மா இருந்தால் ஒன்று கொடு என்பாள்.

வரைவு மூன்று, கோபப்படுகிற தங்கை –

அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

[போனைப் பார்த்தால் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் தங்கையின் போனை அவள் வீட்டுக்காரர் அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பாப்பா தன் பழைய போனைத் தொடுவதே இல்லை. வேறு வாங்கிக்கொண்டாள். துக்கம் வந்த வீட்டில் யாரும் துப்பறிவதில்லை.]

அந்தப் பெண்ணோடு என் தங்கை பேசியிருக்கிறாள். கொஞ்ச நேரம் இல்லை, நிறைய நேரம். இது எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை, எழுத முடியாமல் போனதால் தெரிந்தது. அப்படியானால் என்ன பேசினாள்? இந்த இடத்தில் கதை நின்றுபோய்ப் பல நாள் ஆகிவிட்டது. ஆசிரியர் தம்பி நடுவே இரண்டு முறை நினைவுபடுத்தினார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

5

இன்று அவள் வந்தாள்.

இந்தப் பகுதியை வரைவு போடாமல் எழுதுகிறேன். நடந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது.

கதவைத் திறந்தால் ஸ்கேல் நிற்கிறாள். தோளில் பெரிய பை, கையில் இன்னொரு பை. இன்னும் ஒல்லியாகியிருந்தாள். கண்ணுக்குக் கீழே யாரோ கரிக்கோலால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாப்பாவோட சாமான் கொஞ்சம் அங்கேயே இருந்துச்சு பெரியம்மா. கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்க போற?"

"ஊருக்கு. அண்ணன் வந்திருக்கான். சாயங்காலம் பஸ்."

"எப்ப திரும்பி வருவ?"

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். வெட்டுப் பலகை, துணிகள், ஒரு சால்வை. உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"தூங்கறா" என்றேன்.

"தெரியும். இந்த நேரத்துக்குத் தூங்குவா." பிறகு, "நல்லா தூங்கறாளா?" என்றாள்.

"கண்ணை மூடிப் படுத்திருக்கா. அது தூக்கமான்னு எனக்குத் தெரியல. நீ?"

"எனக்கு வர்றதில்ல பெரியம்மா. கண் அசந்தா போன் அடிக்கிற மாதிரி இருக்கு. எழுந்து பாத்தா அடிக்கல. பக்கத்து ரூம்ல யாராவது தூங்கினாக்கூடப் போய் எழுப்பிடறேன். எல்லாருக்கும் என்மேல கோபம்."

தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். எனக்குக் கதை எழுதுகிறவளின் வெட்கங்கெட்ட ஆசை ஒன்று உண்டு, துக்கத்தின் நடுவிலும் அது தலைநீட்டும். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என் தங்கச்சி உங்கிட்ட என்ன பேசினா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை.

"அவளைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ரெண்டு வார்த்தையில போனை வைக்கமாட்டா. என்ன பேசினா, சொல்லு."

உட்கார்ந்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. பிறகு மெதுவாகப் பேசினாள், உள்ளறைக்குக் கேட்காத குரலில்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன், நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்கு, பாத்துட்டு அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. நான் உடனே எழுப்பறேம்மான்னு சொன்னேன். எழுந்து அவ கட்டில் பக்கம் போயிட்டேன் பெரியம்மா. தோள்ல கைகூட வச்சுட்டேன். அவங்கதான் வேணாம்னாங்க."

"யாரு?"

"அம்மாதான். எப்ப படுத்தான்னு கேட்டாங்க. இப்பதான்னு சொன்னேன். ஐயோ, அப்ப வேணாம், தூங்கட்டும். எத்தனை நாளா முழிச்சிருக்காளோ. எழுந்ததும் ஆஸ்பத்திரின்னு சொல்லாத, பயந்துடுவா, நானே அப்புறம் கூப்பிட்டுப் பேசிக்கிறேன்னாங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் வேணாம்னுட்டாங்க."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அதோட வச்சிருந்தா பரவாயில்ல. வைக்கல. நீ தூங்கினியான்னு என்னைக் கேட்டாங்க. இல்லம்மா, அவ எழுந்தப்புறம்னு சொன்னேன். உனக்கு யாரு காவல்னு கேட்டாங்க. அவதான்னு சொன்னேன். அவளை நம்பாத, தூங்கிடுவான்னு சிரிச்சாங்க. அப்புறம் அவ சின்ன வயசுல தூங்கறதுக்குப் பண்ணின அழிச்சாட்டியம் எல்லாம் சொன்னாங்க. ஒரு காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவாளாம், அதுவும் தன் காது இல்ல, அம்மா காது. அவ வரையற வீட்ல எல்லாம் ஜன்னல் பெருசா இருக்கு, யாரு துடைக்கிறதுன்னு கேட்டாங்க. அவ முதல்ல வீடு கட்டினா அதுல எனக்குப் படுக்க ஒரு மூலை, வெயில் வர்ற மூலையா வேணும், சொல்லி வைன்னாங்க. நான் சொல்றேம்மான்னு சொன்னேன்."

மேசையில் வைத்த சால்வையை நீவிவிட்டாள்.

"அவகிட்ட பேச வேண்டியதை எல்லாம் எங்கிட்ட பேசிட்டாங்க பெரியம்மா. அவ பங்கை நான் சாப்பிட்டுட்ட மாதிரி இருக்கு."

"இதை ஏன் அவகிட்ட சொல்லல? ஏன் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்ட?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாதான் வேணாம்னாங்கன்னு. அவ மூஞ்சியைப் பாத்தேன். என்மேல கோபமா இருந்தா அவ எப்படியாவது இருந்துடுவா. அம்மா மேல கோபம் வந்தா எங்க போய்ச் சண்டை போடுவா? அதுக்கு நானே இருந்துட்டுப் போறேன்னு தோணுச்சு. அப்புறம் நாளாக நாளாக அது கெட்டியாயிடுச்சு. இப்ப சொன்னா தப்பிக்கிறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

எழுந்தாள். காலிப் பையை மடித்தாள்.

"எழுப்பறேன், ரெண்டு நிமிஷம் இரு" என்றேன்.

"வேணாம் பெரியம்மா. தூங்கட்டும். நீங்களும் சொல்ல வேணாம். எனக்காக."

போய்விட்டாள். படியிறங்கி, தெருவைக் கடந்து, அண்ணன் நின்றிருந்த பக்கம் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

6

இப்போது முடிவு.

வழக்கமாக நான் முடிவுகளை இரண்டு மூன்று எழுதிவைத்துக்கொண்டு, குறைவாக வெட்கப்பட வைப்பதைத் தேர்ந்தெடுப்பேன்.

முடிவு, ஒன்று. பெரியம்மா வாக்குக் கொடுத்தபடி வாய் திறக்கவில்லை. பாப்பா படித்து முடித்துப் பெரிய கட்டடங்கள் கட்டினாள். ஸ்கேல் ஊரில் ஏதோ கடையில் வேலை பார்த்தாள். ஒருத்தியின் கோபம் மெல்ல ஆறியது, இன்னொருத்தியின் தூக்கம் திரும்பவே இல்லை. நல்ல சோகம். அச்சில் பார்க்க அழகாக இருக்கும். [நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவள் கேட்டாள், நான் வாயடைத்து நின்றேன். அது வாக்காகாது.]

முடிவு, இரண்டு. பாப்பா கதவுக்குப் பின்னால் விழித்திருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், வெறுங்காலோடு தெருவில் ஓடினாள். [இது எனக்கு ரொம்ப வசதியான முடிவு. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சற்று முன் எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, நிஜமாகவே தூங்குகிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிஜமான தூக்கம். இன்றைக்குத்தானா வர வேண்டும்.]

முடிவு, மூன்று. சில மாதம் கழித்து, காயம் கொஞ்சம் ஆறியபிறகு, பெரியம்மா பக்குவமாக எடுத்துச் சொல்ல –

இல்லை. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணின் இடம் கல்லூரியில் இருக்காது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஸ்கேல் போய் நேரமாகிறது. பஸ் சாயங்காலம் என்றாள். ஜன்னல் வெளிச்சம் மேசையிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. நான் இங்கே உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்போட்டு முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். இது கதை எழுதுவதில்லை, எழுப்பாமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. என் தங்கை, மகளின் தூக்கத்தைக் கெடுக்க மனம் வராமல் போனை வைத்தாள். ஸ்கேல் அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றித் தன் தூக்கத்தைத் தொலைத்தாள். நான் என் பங்குக்கு, பாவம் தூங்கட்டும் என்று பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோருமே அன்பினால்தான் செய்தோம். அந்தக் குழந்தையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைக் கேட்டால் அவள் உடைந்துபோவாள். தெரியும். அம்மா மேல் கோபம் வரும், என் மேலும் வரும், இவ்வளவு நாள் ஒருத்தியைப் பேசாமல் கொன்றோமே என்று தன் மேலும் வரும். எனக்குப் பயமாக இருக்கிறது. தங்கை இறந்ததிலிருந்து இவள் ஒருத்திதான் இந்த வீட்டில் எனக்கு. எழுப்பியபிறகு இவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ.

ஆனாலும் அந்த வெயில் மூலை அவளுடையது. காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிய கதை அவளுக்கு வந்தது. அதைச் சுமந்துகொண்டு ஒருத்தி பஸ் ஏறப்போகிறாள்.

ஆசிரியர் தம்பி, கட்டுரைக்குக் கடைசியில் ஒரு நம்பிக்கை வேண்டும் என்று கேட்டீர்கள். கைவசம் இல்லை. முடிவும் இல்லை. பெரியம்மாவும் பாப்பாவும் பஸ் நிலையத்துக்குப் போனார்களா, பஸ் நின்றுகொண்டிருந்ததா, அந்த இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்பதையெல்லாம் படிக்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு இல்லை. நான் எழுந்து உள்ளே போய், அவள் தோளில் கைவைத்து, பாப்பா, எழுந்திரு என்று